பன்னிரண்டு பைகளில் ஒன்று

மும்பை மாட்டுங்காவில் என் நண்பர் வைத்தியநாதனின் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. நாற்பத்தெட்டுப் படிகள். லிஃப்ட் உண்டு, நான் தங்கியிருந்த மூன்று நாளும் அதன் கதவுக்குக் குறுக்கே ஒரு உடைந்த நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள். எழுபத்துநான்கு வயதில், இரண்டு முழங்காலும் பேச்சைக் கேட்காத நிலையில், கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். வந்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மெட்டாவர்ஸ் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வந்தேன். தெரிந்துகொண்டு, தாராவியில் ஓர் அம்மாளுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும்.

அந்த அம்மாள் ராஜம்மா, என் தங்கை மகள் எஸ்தரின் மாமியார். எஸ்தர் இருபது ஆண்டுகளாகத் தாராவியில் தோல் பைகளுக்கு ஃபர்மா வெட்டுகிறவள். ஒரு பையைப் பிரித்துப் போட்டால் எத்தனை துண்டு வருமோ, அத்தனைக்கும் அட்டையில் வெட்டி வைக்கும் அளவுதான் ஃபர்மா. செம்பூரில் ஒரு சின்ன கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் ஓர் ஊரில், அங்கே நடமாடும் பொம்மை மனிதர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் பைகளுக்கு வெட்டித் தர வேண்டுமாம். மூன்று நாள் சோதனை, பிறகு வேலை. ஒரு நாள் போய் வந்தாள். மறுநாள் ராஜம்மா வாசலை மறித்து நின்றுவிட்டார். கம்பெனியில் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு எஸ்தர் எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, நீங்க சொன்னாத்தான் விடுவேங்காவ அத்தை. நீங்க வேண்டாம்னாலும் சரிதான். ஆனா இந்தத் தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க.”

‘இந்தத் தடவ’ என்று அவள் சொன்னது ரயிலில் வரும் வழியெல்லாம் காதில் இருந்தது. அவளுக்குப் பதினேழு வயதானபோது பை, செருப்பு வடிவமைப்பு சொல்லித்தரும் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. மில் வேலையாக நான் மும்பை வந்திருந்த சமயம். மும்பையில் குடியிருந்த தங்கை, படித்த அண்ணன் என்று என்னிடம் யோசனை கேட்டாள். நான் அந்தப் பள்ளிக்குப் போகும் வழியை விசாரித்து எண்ணினேன். ஒரு பஸ், ஒரு ரயில், இன்னொரு ரயில். மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும், பெண்பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பள்ளியை நான் பார்க்கவே இல்லை. தங்கை இப்போது உயிரோடு இல்லை.

முதல் நாள் காலை வைத்தியநாதன் என்னை இட்லி சாப்பிடக் கூட்டிப்போனார். எங்கள் மில்லின் மும்பை அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். வெளியே வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர். உள்ளே போனதும் முன்பின் தெரியாத இரண்டு பேருடன் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். கோவில்பட்டியில் அப்படி உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் கோத்திரம் வரை கேட்டுவிடுவார்கள். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சாம்பாரில் வெல்லம் கூடுதல். காப்பி மட்டும் நம் ஊர்க் காப்பி.

“மெட்டாவர்ஸா?” என்றார் வைத்தியநாதன். “ஓய், அது முடிஞ்சு போன சமாசாரம். பேப்பர்ல அப்பவே போட்டுட்டான். உலகமே அதுக்குள்ள போயிடும்னா, ஒருத்தரும் போகலை. இப்ப எல்லாரும் வேற ஒண்ணைப் பிடிச்சுண்டிருக்கா.”

“அப்ப இந்தக் கம்பெனி?”

“லேட்டா வந்த கல்யாண கோஷ்டி மாதிரி இருக்கும். பந்தி முடிஞ்சப்புறம் இலை போட்டுண்டு உட்கார்ந்திருக்கும்.”

எனக்கு இரண்டாவது இட்லி இறங்கவில்லை.

மதியம் தாராவிக்குப் போனேன். பஸ்ஸில் நடத்துநர் சொன்ன நிறுத்தத்தில் இறங்க முடியாமல் அடுத்ததில் இறங்கி, தொண்ணூறு அடி ரோட்டில் திரும்பி நடந்தேன். ஓர் இடத்தில் அடி போட்டு அளந்து பார்த்தேன். கடைகளும் வண்டிகளும் போக, நடக்கக் கிடைத்தது முப்பத்தோரு அடி. மீதி ஐம்பத்தொன்பது அடி யாரிடம் இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

எஸ்தரின் வீடு ஓர் அறையும் மேலே ஒரு பரணும். பரணுக்கு ஏறும் இரும்பு ஏணிக்கு ஒன்பது கம்பிகள். அதனால்தான் நான் மாட்டுங்காவில் தங்கினேன். மருமகன் டாக்சி ஓட்டப் போயிருந்தான். அம்மா சொன்னால் சரி என்கிறவன். ராஜம்மா சாளை மீன் குழம்பு வைத்திருந்தார். முதலில் சாப்பாடு போட்டார். கை கழுவின பிறகுதான் ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, நீங்க படிச்சவிய, நீங்களே சொல்லுங்க. இல்லாத ஊருல, இல்லாத ஆளுக்கு, இல்லாத பை. அதுக்கு இவ வெட்டிக் குடுக்காளாம். அவன் இவளுக்கு இருக்கிற சம்பளம் குடுப்பானாம். நம்புத மாதிரியா இருக்கு?”

“அத்த, உங்க போன்ல பேரன் போட்டோ வச்சிருக்கியள்லா, அது மட்டும் கையில புடிக்கவா முடியுது?” என்றாள் எஸ்தர், அட்டையில் கத்தியை இழுத்தபடியே.

“ஏட்டி, பேரன் இருக்கான். ஒம் பை எங்கட்டி இருக்கு?” என்றவர், என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “பக்கத்து வீட்டு டேனியல் கம்ப்யூட்டர் வேலைன்னுதான் வெளிநாட்டுக்குப் போனான். போன ஒடனே பாஸ்போர்ட்ட வாங்கிட்டானுவ. ஏழு மாசம். அவன் திரும்பி வந்தப்ப அவன் அம்மைக்கே அடையாளம் தெரியல. அதான் பயமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

மெட்டாவர்ஸை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கிறிஸ்துமஸ் குடிலைச் சொல்லிப் பார்த்தேன். குடிலில் காகித மலை, கண்ணாடி ஆறு, ஆடுமாடு எல்லாம் வைத்து நாம் வெளியே நின்று பார்க்கிறோம். இதில் குடிலுக்குள்ளேயே போய் நிற்கலாம். நம்மைப் போல வேறு ஊர்க்காரர்களும் உள்ளே வந்து நிற்பார்கள்.

“சரி,” என்றார் ராஜம்மா. “குடில்ல நிக்க ஆட்டுக்குட்டிக்கு எவனாவது சம்பளத்துக்கு ஆள் வச்சு கம்பளி வெட்டுவானா?”

நாளைக்கு எஸ்தருடன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் நாள் ஆரம்பமே கோளாறு. நான் மாட்டுங்காவில் ஏற வேண்டும், எஸ்தர் சயனில் அதே வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறுவாள், இருவரும் குர்லாவில் இறங்கி, செம்பூர் போகும் ஹார்பர் பாதை வண்டிக்கு மாற வேண்டும். குர்லா வந்தது. நான் கதவிலிருந்து ஐந்தாவது ஆள். ஏறுகிறவர்கள் என்னை ஏழாவது ஆளாக்கினார்கள். “ஆகே பட், காக்கா” என்று ஒருவன் முதுகில் தள்ளினான். முன்னே போ, பெரியவரே என்று அர்த்தம். முன்னே ஒரு சுவரைப் போல ஆட்கள். வித்யாவிஹார், காட்கோபர் தாண்டி விக்ரோலியில்தான் தரையைத் தொட்டேன். செருப்பின் ஒரு வார் அறுந்திருந்தது. திரும்ப குர்லா வந்து சேர்ந்தபோது எஸ்தர் மேம்பாலத்தின் அடியில் ஒரு வடாபாவைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்து மூன்று நிமிடம் தாமதம். என்னால் அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று நான் புலம்பியபடியே வந்தேன். “சாப்பிடுங்க மாமா” என்று அவள் வடாபாவை நீட்டினாள்.

செம்பூர் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே. பதினாறு படிகள். பொறுப்பில் இருந்த பெண்ணின் பெயர் நேஹா, முப்பது வயதுக்குள் இருக்கும். எஸ்தரிடம் இந்தியிலும் என்னிடம் ஆங்கிலத்திலும் பேசினாள். தாமதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எதற்காக வந்திருக்கிறேன் என்று நேராகச் சொன்னேன். “என் மாமியாரும் இப்படித்தான் கேட்கிறார்” என்றாள்.

தலையில் மாட்டும் கருவியை முதலில் என் கையில் கொடுத்துக் காட்டினாள். உள்ளே இரண்டு சின்னத் திரைகள், கண்ணுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே படம் அல்ல. இடக்கண் பார்ப்பதற்கும் வலக்கண் பார்ப்பதற்கும் உள்ள சிறு வித்தியாசத்தோடு வரைந்தவை. மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் கருவியில் உள்ள உணரிகள் எவ்வளவு திரும்பினோம் என்று அளந்து, படத்தையும் அவ்வளவு திருப்பும். நொடிக்கு எழுபத்திரண்டு படம். “கொஞ்சம் தாமதமானாலும் வயிற்றைப் புரட்டும்” என்றாள்.

மாட்டினேன். ஒரு கடைத்தெரு. தலைக்கு மேல் ஆகாயம், பின்னால் திரும்பினால் பின்னாலும் தெரு. என் கைகள் தெரிந்தன; விரல்களை எண்ணினேன், பத்து. குனிந்து பார்த்தேன், கால்கள் இல்லை. இந்தக் கருவிக்குக் காலைப் பார்க்கத் தெரியாதாம். இரண்டு நாளாகப் படியேறியவனுக்கு அது சற்று ஆறுதலாகவே இருந்தது. மஞ்சள் சட்டை போட்ட பொம்மை ஒன்று என்னைக் கடந்து போய்க் கை ஆட்டியது. அது நேஹா செய்த பொம்மை இல்லை, எங்கோ வேறு நாட்டில் இதைப் போன்ற கருவியை மாட்டிக்கொண்டு நிற்கும் ஆள். இந்தத் தெரு இருப்பது தூரத்தில் எங்கோ உள்ள கம்ப்யூட்டர்களில். நாம் கருவியைக் கழற்றி வைத்தாலும் தெரு அங்கேயே இருக்கும், மற்றவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். வெறும் படத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம் என்று நேஹாவின் குரல் காதருகே சொன்னது. நொடிக்கு எழுபத்திரண்டை எண்ண முயன்றேன். அத்துடன் வடாபாவ் மேலே வந்துவிட்டது. கண் நடக்கிறாய் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறாய் என்கிறது, சண்டை வயிற்றில். எலுமிச்சை சோடா கொடுத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார்கள்.

அங்கிருந்து எஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு பை. கிட்டப் போனால் அது முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்கள். எத்தனை என்றேன், இரண்டாயிரத்து நானூறு என்றாள் நேஹா. இந்த ஊரில் பை, மனிதன், மலை எல்லாமே முக்கோணங்களால் கட்டிய வெறும் கூடு. அதன்மேல் தோலின் படத்தைப் போர்த்த வேண்டும். படம் தட்டையான தாள், கூடோ வளைந்தது. எனவே கூட்டை எங்கே வெட்டினால் மடிப்பில்லாமல் விரித்துத் தாளில் போடலாம் என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரைச் செய்யச் சொன்னால் நாற்பத்தாறு துண்டாகக் கொத்திவிடுகிறது. தோலின் வரி அங்கங்கே அறுந்து நிற்கிறது. எஸ்தர் பையைத் திரையில் இரண்டு தடவை சுழற்றிவிட்டு ஒன்பது துண்டாக விரித்தாள். இதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு இது புது உலகம் இல்லை; அவள் இருபது வருடமாகச் செய்வதை அவர்கள் இப்போதுதான் தேடி வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு துண்டையும் சுற்றி அரை விரல் அகலத்துக்குக் கூடுதலாகத் தோலை வரைந்திருந்தாள்.

“இது என்ன?” என்றாள் நேஹா.

“மார்ஜின். தைக்கணும்லா?” என்றாள் எஸ்தர், இந்தியில்.

“இங்கே யார் தைக்கப் போகிறார்கள்?”

பக்கத்து நாற்காலிப் பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சோதனையின் முதல் நாளும் இப்படித்தான் விட்டிருக்கிறாள். ஒற்றைப் பை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. இன்று ஒரே தாளில் இரண்டு பை அடுக்க வேண்டும், இடம் போதவில்லை. எடுத்துவிடச் சொன்னாள் நேஹா. எஸ்தர் எடுத்தாள். அடுத்த துண்டுக்கும் கை தானாக விட்டது. மறுபடி எடுத்தாள். நான்கு தடவை. கடைசி முறை நேஹாவின் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. “பழக்கத்தை மாற்ற முடியவில்லை என்றால் கஷ்டம். நாளைக்கு முடிவு சொல்கிறேன்.”

திரும்பும் வழியில், வேலை கிடைக்காமல் போனால் ராஜம்மாவிடம் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று ஓர் எண்ணம் வந்தது. அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கே சலிப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் குர்லாவுக்கு முந்தின நிலையத்திலேயே கதவருகே வந்து நின்றுகொண்டேன். நேரத்துக்கு இறங்கினேன். எஸ்தர் வேலையில் உட்கார்ந்ததும், இன்னொரு தடவை உள்ளே போகலாமா என்று நேஹாவிடம் கேட்டேன். அவள் எச்சரிக்கையாக ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பக்கத்தில் வைத்தாள்.

இந்த முறை நடக்கவில்லை. தெருவில் ஒரே இடத்தில் நின்றேன். எதிரே ஒரு கடை, அதன் சுவரில் பைகள் தொங்கின. பன்னிரண்டு. நான் முப்பத்தொன்பது ஆண்டு மில்லில் தரம் பார்த்தவன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவதுதான் வேலை. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. தூரத்திலிருந்து பார்க்கும்போது பைகளின் ஓரங்களில் மெல்லிசாக வெள்ளை நூல் ஓடுவது தெரிந்தது. நேஹாவிடம் என்னைக் கிட்டே நகர்த்தச் சொன்னால் நூல் காணாமல் போனது. தள்ளி வந்தால் மறுபடி தெரிந்தது. நூல்களை எண்ண ஆரம்பித்தேன். முதல் பையில் ஆறு. அடுத்ததில் ஏழு. அதற்கடுத்து நான்கு. மேல் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் முறையும் எண்ணினேன். பதினொரு பையில் நூல், ஒன்றில் இல்லை.

கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். “மேல் வரிசை ஐந்தாவது பை யார் செய்தது?”

நேஹா பட்டியலைப் பார்த்தாள். “எஸ்தர். முதல் நாள் செய்தது.”

“அதில் மட்டும் ஓரத்தில் வெள்ளை இல்லை.”

அவள் கருவியை மாட்டிக்கொண்டாள். தள்ளிப் போனாள், கிட்டப் போனாள். ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டாள். பிறகு கழற்றிவிட்டுச் சிரித்தாள். தன்னைப் பார்த்தே அவள் சிரித்துக்கொண்டதுபோல இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும் பொருளுக்குக் கம்ப்யூட்டர் முழுப் படத்தையும் போடாதாம். வேலை மிச்சம் என்று படத்தைச் சுருக்கிப் போடும். சுருக்கும்போது துண்டின் ஓரமும் அதற்கு வெளியே தாளில் உள்ள வெள்ளையும் கலந்துவிடும். அதுதான் வெள்ளை நூல். எஸ்தர் ஓரத்துக்கு வெளியேயும் தோலை வரைந்திருந்ததால் தோலோடு தோல்தான் கலந்தது.

“இதற்கென்று ஓர் அளவு வைக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும்,” என்றாள் நேஹா. “தாளில் நிறையத் துண்டு அடுக்க வேண்டும் என்று நான்தான் அதைக் குறைத்து வைத்தேன்.” பிறகு எஸ்தரிடம் இந்தியில், “அக்கா, மார்ஜின் விடுங்கள். ஆனால் அரை விரல் வேண்டாம், ஒரு நகக்கண் போதும்” என்றாள்.

“தையலே இல்லாத எடத்துல மார்ஜின் வேணுமா?” என்று எஸ்தர் என்னிடம் தமிழில் கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நேற்றுச் சிரித்த இரண்டு பெண்களின் பக்கமும் அவள் திரும்பவில்லை. உட்கார்ந்து மூன்று பைகளை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வேலை அவளுக்கு என்றார்கள். ஒப்பந்தம் ஆறு மாதம். தாளை வரிவரியாகப் படித்தேன், நான்கு பக்கம். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டேன். “தெரியாது, அங்கிள்,” என்றாள் நேஹா. “போன வருடம் இங்கே இருபத்திரண்டு பேர் இருந்தோம்.” பொய் சொல்லாததற்காக அவளிடம் என் பையில் மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் குர்லா மேம்பாலத்தில் பாதியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. மூன்று நாளில் முதல் முறையாக எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எத்தனையில் விட்டோம் என்று யோசித்தேன்.

“முப்பத்தெட்டு மாமா,” என்றாள் எஸ்தர், என் முழங்கையைப் பிடித்தபடி. “இன்னும் இருபத்தி நாலு இருக்கு. மொத்தம் அறுவத்தி ரெண்டு.”

“நீ எப்ப எண்ணின?”

“மூணு தடவ ஏறி எறங்கணும், ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனியள்லா. அன்னையிலேர்ந்து எங்க போனாலும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது கோபத்தைவிடக் கனமாக இருந்தது. மீதி இருபத்துநான்கு படிகளையும் அவளே எண்ணி என்னை ஏற்றினாள்.

ராஜம்மா கதவிலேயே நின்றார். இந்த முறை சாப்பாடு போடவில்லை.

“அண்ணாச்சி, நெசந்தானா?”

“பதினாலு நாற்காலி இருக்கு மதினி. பொம்பளைய ஆறு பேரு. கதவு ரெண்டு, ரெண்டும் உள்ளேயிருந்தே தெறக்கும். பொம்பளையளுக்குத் தனி பாத்ரூம் ஒண்ணு, தாப்பாள் ஒழுங்கா விழுது, நானே போட்டுப் பாத்தேன். இவளோட அசல் பேப்பர் ஒண்ணையும் அவங்க வாங்கல. ஜெராக்ஸ்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பிருதாங்க.”

“அந்தப் பை?”

“பை கெடையாது. கையில எடுக்க முடியாது. அது நீங்க சொன்ன மாதிரிதான்.”

“எத்தன நாளைக்கு?”

“ஆறு மாசம். பொறவு மூடினாலும் மூடிருவாங்க. எனக்குத் தெரியல, அவங்களுக்கும் தெரியல.”

ராஜம்மா சேலை முந்தியால் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். வெளியே சந்தில் யாரோ தோல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனார்.

“இவ வெட்டினது நல்லாருந்துச்சா?”

“பன்னெண்டு தொங்குச்சு. பதினொண்ணுல பழுது. பழுதில்லாத ஒண்ணு இவ வெட்டினது.”

அவர் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார். “ஏட்டி, அந்தக் கத்திய எவளுக்கும் எரவல் குடுத்துராத. ஆறு மாசங்கழிச்சு வேணும்” என்றார். சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். சாளை இல்லை, முட்டைக் குழம்பு. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நினைவு வந்தவராகக் கேட்டார்.

“போக்குவரத்து எப்படி அண்ணாச்சி? எத்தன தடவ மாறணும்?”

எஸ்தர் ஏணியின் மூன்றாவது கம்பியில் காலை வைத்தபடி நின்று என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுதான் மதினி,” என்றேன். “குர்லாவுல.”

அறுபத்திரண்டு படிகளை நான் சொல்லவில்லை.